கறுவாவும் கோரைக்கிழங்கும்: தாவரங்களுக்குள் வாழும் நுண்ணங்கிகளின் கதை

மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா 1344 ஆம் ஆண்டு மாலைதீவிலிருந்து மஃபருக்குச் செல்லும் வழியில் இலங்கையின் மேற்குக் கரையில் இறங்கினார். அவர் பத்தாலா என்று குறிப்பிடும் ஊர் இன்றைய புத்தளம் என்பது ஆய்வாளர் பலரதும் முடிவு. அங்கிருந்து அவர் பாவா ஆதம் மலைக்குச் சென்று வந்த வரலாறு எம்மவரிடையே நன்கு அறியப்பட்டது. அதே பயணக் குறிப்பில் அதிகம் பேசப்படாத செய்தி ஒன்றும் உண்டு. அந்தக் கரையெங்கும் கறுவாக் கட்டைகள் குவிந்து கிடந்தன. ஆற்று வெள்ளம் அடித்து வந்து ஒதுக்கியவை அவை. மஃபர், மலையாளக் கரைகளின் மக்கள் அவற்றை விலையின்றியே ஏற்றிச் சென்றார்கள். பதிலுக்கு ஆரியச் சக்கரவர்த்திக்குத் துணிமணிகளை அன்பளிப்பாகக் கொடுத்தார்கள்.

கறுவாவுக்காக இந்நாட்டில் சிந்திய இரத்தத்தை அறிந்தவர்களுக்கு அந்தக் காட்சி கனவு போலத் தோன்றும். போர்த்துக்கேயர் வந்தார்கள், பின்னர் ஒல்லாந்தர் வந்தார்கள். துணி கொடுத்துக் கட்டை வாங்கிய காலம் போய், கறுவா உரிக்கும் சாதியாருக்கு ஆளுக்கு இவ்வளவு என்று கட்டாய அளவு விதித்த காலம் வந்தது. காட்டில் உரித்தது போதாதென்று ஒல்லாந்த ஆளுநர் பால்க் 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்பின் புறநகரிலேயே கறுவாவைப் பயிரிடத் தொடங்கினார். மருதானை முதல் இன்றைய கொழும்பு 7 வரை பரந்திருந்த அந்தத் தோட்டங்கள் மறைந்துவிட்டன. கறுவாத் தோட்டம் என்ற பெயர் மட்டும் செல்வந்தர் குடியிருப்பு ஒன்றுக்கு நிலைத்துவிட்டது.

இத்தனை நூற்றாண்டுகளிலும் எல்லோரும் அந்த மரத்தின் பட்டையை மட்டுமே பார்த்தார்கள். பட்டைக்குள்ளே வேறு யாராவது குடியிருக்கிறார்களா என்று கேட்கும் கருவியும் அன்று இல்லை, தேவையும் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்டவர் 1990களின் பிற்பகுதியில் வந்தார். அவர் வந்தது இலங்கைக்கு அல்ல.

மத்திய அமெரிக்காவின் ஹொண்டூராஸ் நாட்டில் லான்செட்டிலா என்றொரு தாவரவியல் பூங்கா இருக்கிறது. வாழைப்பழ வணிகத்தால் அப்பிராந்தியத்தையே ஆட்டிப்படைத்த யுனைட்டட் புரூட் கம்பனி 1926 இல் அமைத்த பூங்கா. உலகின் பல பாகங்களிலிருந்தும் பயன்தரு மரங்களைக் கொண்டுவந்து அங்கே நட்டார்கள். அவற்றுள் இலங்கைக் கறுவாவும் ஒன்று. ஐக்கிய அமெரிக்காவின் மொன்டானா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாவர நோயியலாளர் கரி ஸ்ட்ரோபெல் அந்தக் கறுவா மரத்தின் சிறு கிளை ஒன்றை வெட்டிக்கொண்டு போனார். அதன் உள்ளிழையத்திலிருந்து வெண்ணிறமான ஒரு பங்கசு முளைத்தது.

அதன் குணம் தெரியவந்தது ஒரு தற்செயலால். ஆய்வுகூடத்தில் பல்வேறு பங்கசுக்கள் வளர்ந்துகொண்டிருந்த கிண்ணங்களில் உண்ணிகள் புகுந்து தொல்லை கொடுத்தன. அவை பரவாதிருக்கக் கிண்ணங்களையெல்லாம் பெரியதொரு பிளாஸ்திக் பெட்டிக்குள் வைத்து மூடினார்கள். இரண்டு நாள் கழித்துத் திறந்தபோது, ஏறத்தாழ எல்லாக் கிண்ணங்களிலும் வளர்ச்சி நின்று போயிருந்தது. ஒன்று மட்டும் தளதளவென்று வளர்ந்திருந்தது. அதுதான் கறுவா மரத்துப் பங்கசு. மற்றவற்றை அது தொடவில்லை. அதிலிருந்து கிளம்பிய ஆவியே அவற்றை அடக்கிவிட்டது. 2001 இல் அதற்கு மஸ்கோடோர் அல்பஸ் என்று பெயரிட்டு உலகுக்கு அறிவித்தார்கள். நாற்றமடிக்கும் வெள்ளையன் என்று அதைத் தமிழ்ப்படுத்தலாம். (அண்மைக்கால வகைப்பாட்டாளர்கள் அதை இன்டுராசியா என்ற இனத்துக்கு மாற்றிவிட்டார்கள். பழைய பெயரின் சுவை புதியதில் இல்லை.)

அந்த ஆவியைப் பகுத்துப் பார்த்தபோது இருபதுக்கும் மேற்பட்ட சேர்வைகள் தெரிந்தன. அற்ககோல்கள், எசுத்தர்கள், கீற்றோன்கள், அமிலங்கள். அவற்றுள் வலிமை கூடியது எசுத்தர் வகை. அதில் முதன்மையானது வாழைப்பழ வாசனைக்காக இனிப்புத் தொழிற்சாலைகள் பயன்படுத்தும் அதே பொருள். தனித்தனியே எடுத்தால் எதுவும் முழுமையாகக் கொல்வதில்லை. கூட்டாகச் சேர்ந்தால் தாவரங்களையும் மனிதரையும் தாக்கும் பல பங்கசுக்களும் பற்றீரியாக்களும் மடிகின்றன. மண்ணையும் சேமித்த பழங்களையும் நச்சுப் புகையின்றிச் சுத்தம் செய்ய இது உதவும் என்று கண்டு காப்புரிமை பெற்றார்கள். 2005 இல் அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் அதன் ஒரு வகையைப் பதிவுசெய்து அனுமதி வழங்கியது.

எங்கள் மரத்தின் சொத்தை எடுத்துக்கொண்டார்களே என்று இந்த இடத்தில் உள்ளம் பொங்குவது இயல்பு. நானும் அப்படி எழுதப்பட்ட ஓரிரு கட்டுரைகளைப் படித்திருக்கிறேன். விடயம் அவ்வளவு எளிதல்ல. இத்தகைய பங்கசுக்களில் பெரும்பாலானவை விதையோடு தாயிடமிருந்து வருபவை அல்ல. மரம் நிற்கும் மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் மழைத்துளியிலிருந்தும் இலைக்குள் புகுந்து குடியேறுபவை. ஆகவே ஹொண்டூராஸில் நின்ற இலங்கைக் கறுவாவின் குடியிருப்பாளர் ஹொண்டூராஸ்காரராக இருக்கவே வாய்ப்பு அதிகம். பின்னர் தாய்லாந்தின் காட்டுக் கறுவா இனமொன்றிலும் கேரளத்தின் வயநாட்டு வில்வ மரத்திலும் இதே இனத்தின் உறவினர்கள் கண்டெடுக்கப்பட்டார்கள். பறிபோனது பங்கசு அல்ல. இங்கே நிற்கும் கறுவாவுக்குள் யார் இருக்கிறார்கள் என்று முதலில் தேடிப் பார்க்கும் வாய்ப்புத்தான் எம்மிடமிருந்து நழுவியது.

இத்தகைய உயிரிகளை விஞ்ஞானிகள் எண்டோபைட் என்கிறார்கள். தமிழில் இன்னும் ஊன்றிய சொல் இல்லை. இக்கட்டுரையில் அகவாழி என்று வைத்துக்கொள்கிறேன். தாவரத்தின் இழையங்களுக்குள்ளே, வெளியில் எந்த நோய்க்குறியும் காட்டாமல் வாழும் பங்கசு அல்லது பற்றீரியா என்பது அதன் பொருள். ஜேர்மனியத் தாவரவியலாளர் அன்ரன் டி பாரி 1866 இல், தாவரத்தின் மேற்பரப்பில் வாழும் பங்கசுக்களையும் உள்ளே வாழ்பவற்றையும் பிரித்துக் காட்ட இச்சொல்லைக் கையாண்டார். அன்று நோய் உண்டாக்குபவையும் அதில் அடக்கம். நோயற்ற வாடகைக்காரர் என்ற பொருள் மிகப் பிற்காலத்தது. இந்தப் பொருள் மாற்றத்தில் இலங்கைக்கும் ஒரு பங்குண்டு. கசப்பான பங்கு அது.

கோப்பியை இந்நாட்டுக்கு அரபு வணிகர் கொண்டுவந்ததாக ஒரு மரபு சொல்கிறது. ஆனால் மலைநாட்டைக் கோப்பித் தோட்டமாக்கியவர்கள் பிரித்தானியர். 1878 அளவில் ஏறத்தாழ 275,000 ஏக்கரில் கோப்பி நின்றது. தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாக வந்த தமிழ்த் தொழிலாளரின் எலும்புகள் மீது நின்றது என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு ஒன்பதாண்டுகளுக்கு முன்னரே, 1869 இல், பதுளைப் பக்கம் மடுல்சீமையில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் பொடி பூத்திருப்பதைத் தோட்டக்காரர்கள் கண்டார்கள். பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் த்வெயிட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பங்கசியலாளர் பேர்க்லி அதே ஆண்டு அதற்கு ஹெமிலேயா வஸ்டாட்றிக்ஸ் என்று பெயரிட்டார். பெயரின் பின்பகுதிக்குப் பாழாக்குவது என்று பொருள். பெயர் வைத்த நேரம் அப்படி.

தோட்டத் துரைமார் பலர் அதை இலையின் நோயாகவே ஏற்கவில்லை. மண் சத்திழந்துவிட்டது, மழை பிசகிவிட்டது, மரம் பலவீனப்பட்டதால் பொடி பூக்கிறது என்றெல்லாம் வாதிட்டார்கள். பசளை போட்டார்கள், கந்தகமும் சுண்ணாம்பும் தூவினார்கள். 1880 இல் மார்ஷல் வார்ட் என்ற இருபத்தாறு வயது இளைஞர் அரசினால் வரவழைக்கப்பட்டார். இரண்டாண்டுகள் இங்கே தங்கி அவர் செய்தவை மிக எளிய பரிசோதனைகள். கண்ணாடித் துண்டுகளில் கிளிசரின் பூசித் தோட்டங்களுக்கிடையே தொங்கவிட்டார். காற்றில் வந்த வித்திகள் அவற்றில் ஒட்டின. அந்த வித்திகளை நல்ல இலையில் நீர்த்துளியோடு வைத்துப் பார்த்தார். வித்தி முளைத்து, மெல்லிய குழாய் நீட்டி, இலைவாய் வழியே உள்ளே நுழைந்தது. இரு வாரமளவில் இலையில் புள்ளி தோன்றியது. கோப்பி மரத்தின் பலவீனம் பொடியைத் தோற்றுவிக்கவில்லை, இலைக்குள் புகுந்த ஓர் உயிரே மரத்தைப் பலவீனமாக்குகிறது என்பது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது.

துரைமாருக்கு இது பிடிக்கவில்லை. அவர்கள் கேட்டது மருந்து, வார்ட் கொடுத்தது விளக்கம். 1882 இல் அவர் திரும்பிப் போனார், பிற்காலத்தில் கேம்பிரிட்ஜில் பேராசிரியரானார். கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. அந்த மாற்றத்தில் யார் எதை இழந்தார்கள் என்பது மலையக வரலாறு. எமது விடயத்துக்கு வேண்டியது ஒன்றே. இலைக்குள்ளே பங்கசு வாழும் என்பதை இந்நாடு அறிந்துகொண்டது ஒரு பேரழிவின் வழியாக. அதனால் பின்வந்த எழுபது எண்பது ஆண்டுகள் இலைக்குள் இருப்பவரைப் பகைவராகவே தேடினார்கள். 1905 முதல் பேராதனையில் பணியாற்றிய தொமஸ் பெட்ச் இந்நாட்டுப் பங்கசுக்களை இடைவிடாது சேகரித்தார், றப்பரின் நோய், தேயிலையின் நோய் என்று நூல்கள் எழுதினார், 1925 இல் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் முதற் பணிப்பாளரானார். பிஸ்பியுடன் இணைந்து அவர் ஆக்கிய இலங்கைப் பங்கசுக்களின் பட்டியல் 1950 இல் வெளியானது. மதிப்புமிக்க உழைப்பு. ஆனால் நோயற்ற இலையை வெட்டி உள்ளே பார்க்க எந்தத் தோட்டக் கம்பனி பணம் கொடுக்கும்?

இதே காலத்தில் இன்னொரு பாதையிலும் தாவரங்களை ஆராய்ந்தார்கள். அது இரசாயனத்தின் பாதை. அதில் எமது வாசகர்கள் பெருமையோடு நினைவுகூர வேண்டிய இருவர் இருக்கிறார்கள். ஒருவர் ஸலீமுஸ்ஸமான் ஸித்தீக்கி. ஹக்கீம் அஜ்மல்கானின் அழைப்பில் டில்லித் திப்பியாக் கல்லூரியில் ஆராய்ச்சியைத் தொடங்கி, 1931 இல் சர்ப்பகந்தி வேரிலிருந்து பிரித்தெடுத்த பொருளுக்கு அஜ்மலின் என்று தம் வழிகாட்டியின் பெயரையே இட்டவர். 1942 இல் வேப்பெண்ணெயிலிருந்து நிம்பினையும் அதன் கூட்டாளிகளையும் பிரித்தெடுத்தார். யூனானி வைத்தியர்களும் நாட்டு வைத்தியர்களும் காலங்காலமாகச் சொல்லி வந்த வேம்பின் ஆற்றல் அன்றுதான் இரசாயனவியலின் மொழிக்கு வந்தது. மற்றவர் எம் நாட்டவர், பேராதனைப் பல்கலைக்கழக இரசாயனவியல் பேராசிரியர் எம். யூ. எஸ். சுல்தான்பாவா. 1970களில் அவரும் அவர் மாணவர்களும் இலங்கைத் தாவரங்களின் இரசாயன ஆய்வு என்ற தொடர் வரிசையில் எமது மழைக்காட்டு மரங்களை, குறிப்பாகக் கொறக்காய்க் குடும்பத்து மரங்களை, ஒவ்வொன்றாகப் பகுத்து வெளியிட்டார்கள். வெப்பமண்டலத் தாவரங்களின் சாந்தோன் சேர்வைகள் பற்றி 1980 இல் அவர் எழுதிய பெருங்கட்டுரையை அத்துறையினர் நெடுங்காலம் மேற்கோள் காட்டி வந்தார்கள். எமது சமூகம் தன் கவிஞர்களை நினைக்கும் அளவுக்கு இத்தகைய மனிதர்களை நினைப்பதில்லை என்ற குறை எனக்குண்டு.

இந்த இரசாயனவியலாளர்களின் வழிமுறையில் இயல்பாகவே ஒரு கேள்வி விடுபட்டிருந்தது. பட்டையை உலர்த்தி, இடித்து, கரைப்பானில் ஊறவைத்து வடிக்கிறோம். வடித்ததில் வரும் சேர்வை மரம் செய்ததா, மரத்துக்குள் இருந்த யாரோ செய்ததா? உரலில் இடித்த பின் இருவரையும் பிரிக்க முடியாது.

அந்தக் கேள்வியை உலகம் உரத்துக் கேட்டது 1993 இல். பசுபிக் கரை யூ மரப்பட்டையிலிருந்து கிடைக்கும் டக்சோல் என்ற புற்றுநோய் மருந்து அப்போது பெரும் விலை போனது, மரமோ அருகி வந்தது. அந்த மரத்துக்குள் வாழும் பங்கசு ஒன்று தானும் டக்சோலைச் சிறிதளவு செய்கிறது என்று ஸ்ட்ரோபெலும் ஸ்டியர்ல் தம்பதியரும் அறிவித்தார்கள். உலகெங்கும் அகவாழிகளைத் தேடும் அலை எழுந்தது. இருபதாண்டு கழித்து, 2013 இல், ஜேர்மனிய ஆய்வாளர்கள் அதே பங்கசின் மரபணுத் தொகுதியைத் துருவிப் பார்த்து, டக்சோல் செய்வதற்கான மரபணுக்கள் அதில் காணப்படவில்லை என்று எழுதினார்கள். அந்த விவாதம் முற்றாக ஓயவில்லை. ஆனால் முதல் அலையின் ஆரவாரத்தில் மிகை இருந்தது என்பது என் கருத்து.

மிகையைக் கழித்த பின்னரும் எஞ்சுவது கணிசமானது. அவுஸ்திரேலியாவின் வட பிரதேசத்தில் ஆதிக்குடிகள் காயங்களுக்குக் கட்டும் ஒரு கொடியின் உள்ளே வாழ்ந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் பற்றீரியாவிலிருந்து 2002 இல் முனும்பிசின் என்ற நுண்ணங்கிக்கொல்லிகள் கிடைத்தன. 2009 இல் வாரணாசி இந்துப் பல்கலைக்கழகத்தார் வேப்ப மரத்தின் உள்ளிருந்து எடுத்த பங்கசு ஜவானிசின் என்ற பற்றீரியக்கொல்லியைத் தந்தது. ஸித்தீக்கி வேம்பைப் பகுத்த 67 ஆண்டுகளுக்குப் பின், அதே மரத்துக்குள் இன்னொரு வைத்தியர் இருந்தது தெரியவந்தது. சென்னையில் சூரியநாராயணனும் அவர் குழுவினரும் முதுமலைக் காடுகளின் இலைகளுக்குள் வாழும் பங்கசுக்களை ஆராய்ந்து 2002 இல் வெளியிட்டார்கள். இவை தமிழ் நிலத்துக்கு அடுத்து நடந்தவை, ஆயினும் தமிழில் இவற்றைப் பற்றி எழுதியவர் மிகச் சிலரே.

இனிக் கொழும்புக்கு வருவோம். பழைய கறுவாத் தோட்டத்தின் விளிம்பில் இருக்கும் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் பேராசிரியர் டிலிப் டி சில்வாவும் தாவரவியல் பேராசிரியர் விஜேசுந்தரவும், பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பமோதா ரத்னவீரவும், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்து றேமண்ட் அண்டர்சனின் குழுவோடு சேர்ந்து இலங்கைத் தாவரங்களின் அகவாழிகளைத் தேடினார்கள். 2014 முதல் அவர்களின் முடிவுகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன.

வேலை எப்படி நடக்கிறது என்பதை எளிமையாகச் சொல்லிவிடலாம். நோயற்ற செடியின் இலையையோ தண்டையோ கிழங்கையோ கழுவி, மதுசாரத்திலும் வெளிற்றும் திரவத்திலும் குறித்த நேரம் அமிழ்த்தி, மேற்பரப்பில் ஒட்டியுள்ள எல்லா உயிரையும் கொல்ல வேண்டும். உண்மையிலேயே கொன்றுவிட்டோமா என்று அறிய அந்த இலையைப் போசணை ஊடகத்தின் மீது அழுத்தி எடுத்து, அந்தத் தடத்தில் எதுவும் முளைக்காதிருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு கூரிய கத்தியால் துண்டாக்கிக் கிண்ணத்தில் வைத்துக் காத்திருப்பார்கள். சில நாளில், சில வேளை சில வாரத்தில், வெட்டிய விளிம்பிலிருந்து பங்கசு இழை எட்டிப் பார்க்கும். அதைத் தனியே பிரித்து வளர்த்து, சாற்றை எடுத்து, பற்றீரியா பரப்பிய கிண்ணத்தில் சிறு வட்டத் தாளில் நனைத்து வைக்க வேண்டும். தாளைச் சுற்றிப் பற்றீரியா வளராத தெளிந்த வளையம் விழுந்தால் அன்று ஆய்வுகூடத்தில் மகிழ்ச்சி. அந்தச் சாற்றைப் பிரித்துப் பிரித்து எந்தச் சேர்வை அந்த வளையத்தை உண்டாக்கியது என்று கண்டுபிடிப்பதற்கு மாதங்களும் வருடங்களும் செல்லும்.

அவர்கள் எடுத்த தாவரங்களில் ஒன்று வனராஜ என்று சிங்களத்தில் அழைக்கப்படும் எமது காட்டு ஓர்க்கிட். கரும்பட்டு இலையில் பொன்னிழை ஓடியது போன்ற நரம்புகள் கொண்டது. அதனுள் இருந்த பங்கசு ஹெல்வோலிக் அமிலத்தைத் தந்தது. இது புதிய பொருளல்ல, பெனிசிலினை மருந்தாக்கிய ஒக்ஸ்போர்ட் குழுவினர் 1943 இல் வேறொரு பங்கசிலிருந்து கண்டது. தென்கிழக்கின் வரண்ட மண்ணில் ஆக்கிரமிப்புச் செடியாகப் பரவி எல்லோரும் வெட்டி எறியும் நாகதாளிக்குள் இருந்த பியூசேரியம் எகுயிசெட்டினைத் தந்தது. அதுவும் முன்னரே அறியப்பட்டதுதான். எமது தேசிய மலரான நீல அல்லிக்குள் இருந்த பங்கசு கீற்றோகுளோபோசின்களைச் சுரந்தது. அவை பற்றீரியாவை அடக்கினாலும் எமது உடற்கலங்களின் உட்சட்டகத்தையும் சிதைப்பவை. இவ்வளவு தேடியும் பழையதும் நஞ்சும்தானா என்று சலிப்படையத் தோன்றும். இத்துறையின் அன்றாடம் இதுதான்.

கோரைக்கிழங்கின் கதை வேறு. நுகேகொடையிலிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் வயலோரத்திலும் வடிகான் கரையிலும் காணக்கூடிய புல் அது. உலகின் மிகக் கொடிய களைகளின் பட்டியலில் விவசாயிகள் அதை முதலிடத்தில் வைக்கிறார்கள். பிடுங்கினால் இலை கையோடு வரும், கிழங்கு மண்ணுக்குள் தங்கி மீண்டும் முளைக்கும். அதே கிழங்கைச் சித்த வைத்தியர் முத்தக்காசு என்று காய்ச்சலுக்கும் வயிற்றுக் கோளாறுக்கும் கொடுத்தார்கள். சிங்கள வைத்தியருக்கு அது கலாந்துறு. யூனானி ஹக்கீம்களின் மருந்துப் பெட்டியில் ஸஅத் கூஃபீ. மூன்று மருத்துவ மரபுகள் பெயர் வைத்துப் போற்றிய, உழவன் மட்டும் சபித்த கிழங்கு.

அந்தக் கிழங்குக்குள்ளிருந்து வந்த பங்கசு ரைசோக்டோனியா சொலனி. இந்தப் பெயரைக் கேட்டால் நெல் விவசாய அதிகாரிகளின் முகம் மாறும். நெல்லின் இலையுறையை அழுகச் செய்து விளைச்சலைக் கெடுப்பது அதுவே. வார்ட்டின் காலத்து மனப்பான்மையோடு பார்த்தால் உடனே தீ வைத்திருக்க வேண்டிய உயிரி. கோரைக்குள்ளோ அது அமைதியாகக் குடியிருந்தது. அதன் சாற்றிலிருந்து கிடைத்த சேர்வைக்குச் சொலனியோயிக் அமிலம் என்று பெயரிட்டு 2015 இல் அறிவித்தார்கள். ஸ்ரெரோயிட் குடும்பத்தில் பிறந்து, உடைந்து, மாற்றி அடுக்கப்பட்ட காபன் எலும்புக்கூடு. அதுபோன்ற கட்டமைப்பை அதற்குமுன் எவரும் எந்த உயிரிலும் கண்டதில்லை. மெதிசிலின் மருந்துக்கு அடங்காத ஸ்டபிலோகொக்கஸ் பற்றீரியாவை, வைத்தியசாலைகளில் எம்.ஆர்.எஸ்.ஏ. என்று அஞ்சப்படுவதை, ஆய்வுகூடக் கிண்ணத்தில் அது தடுத்து நிறுத்தியது.

அந்தப் பற்றீரியாவின் வரலாறு சுருக்கமானது. 1959 இல் மெதிசிலின் வந்தது. 1961 இல் அதை எதிர்க்கும் ஸ்டபிலோகொக்கஸ் பிரித்தானியாவில் தோன்றிவிட்டது. மருந்துகளுக்கு அடங்காத பற்றீரியாக்களால் நேரடியாக நேர்ந்த மரணங்கள் 2019 ஆம் ஆண்டு மட்டும் உலகில் 12 இலட்சத்து 70 ஆயிரம் என்று 2022 இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று கணித்தது. 1940 முதல் 1960 வரையான பொற்காலத்தில் மண்ணைத் துருவியே பெரும்பாலான மருந்துகளைக் கண்டார்கள். மண் இன்று மீண்டும் மீண்டும் பழைய சேர்வைகளையே தருகிறது. ஆகவேதான் யாரும் தோண்டாத இடமாகிய இலையின் உட்புறத்துக்கு இப்போது திரும்புகிறார்கள். கூட்டுக்குடும்பத்தில் போல அங்கே நெருக்கடி அதிகம். ஒரு துளி இடத்துக்குப் பத்துப் பேர் போட்டியிடும்போது ஆயுதம் செய்யாமல் பிழைக்க முடியாது.

சொலனியோயிக் அமிலம் மருந்தாகவில்லை. கிண்ணத்தில் கொல்வதற்கும் நோயாளியின் குருதியில் கொல்வதற்கும் இடையே பத்துப் பதினைந்து ஆண்டுத் தூரமும் பெருந்தொகைப் பணமும் நிற்கின்றன. சில கிராம் பொருளைக் கூடச் செய்து தர ஆய்வுகூடத்துப் பங்கசு மறுப்பதுண்டு. பலமுறை மாற்றி வளர்த்தால் தாய்ச்செடியை மறந்த அகவாழி தன் ஆயுதத்தையும் மறந்துவிடும். நுண்ணங்கிக்கொல்லி ஒருவருக்கு ஒரு வாரம் கொடுத்து நிறுத்தும் மருந்து என்பதால், நாள்தோறும் விழுங்க வேண்டிய நீரிழிவு மாத்திரையைப் போல அதில் இலாபமில்லை என்று பெரிய மருந்துக் கம்பனிகள் பல இத்துறையை விட்டே விலகிவிட்டன. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் எமது அரசாங்க வைத்தியசாலைகள் சாதாரண மருந்துகளுக்கே தவித்தபோது, மருந்தை வாங்குபவராக மட்டும் இருக்கும் நாட்டின் நிலை என்னவென்று எல்லோரும் கண்டோம்.

கோரைக்கிழங்கு ஆய்வில் பெயர் முதலாவதாக வரும் பமோதா ரத்னவீர பணியாற்றும் பல்கலைக்கழகம் 2005 இல் பதுளையில் தொடங்கப்பட்டது. 1869 இல் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் பொடி முதலில் தென்பட்ட மடுல்சீமையும் அதே மாவட்டத்தில்தான் இருக்கிறது.